நான்காவது நர்ஸ்



தருமபுரம் போன்ற காரைக்கால் பகுதி ஊர்களில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் ஜி.எச்.; அங்கே ஆகாது என்றால் தஞ்சாவூர், இல்லையேல் புதுச்சேரி ஜிப்மர். அதனால்தான் புதுக் கட்டடம் வேண்டும், ஸ்கேன் வேண்டும் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அந்தக் கட்டடத்தில் ராத்திரி டியூட்டிக்கு எத்தனை நர்ஸ் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஒரு வார்டில் நாற்பது நோயாளிகள், ஒரே நர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.பி. பார்த்து, காய்ச்சல் பார்த்து, டிரிப்ஸ் சொட்டும் வேகத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணி, கேஸ் ஷீட்டில் எழுத ஆளுக்கு ஐந்து நிமிடமாவது பிடிக்கும். ஒரு சுற்று முடிய மூன்று மணி இருபது நிமிடம். அதற்குள் முதல் கட்டிலில் பாட்டில் தீர்ந்திருக்கும். “சிஸ்டர், எவ்வளவு நேரமா கூப்பிடுறது?” என்று கூட இருப்பவர் சத்தம் போடுவார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு, சிஸ்டரின் கால்வலியிலும் நியாயம் உண்டு.

இது கால்வலியோடு முடிகிற விஷயமும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆய்வாளர் லிண்டா அய்கன் குழுவினர் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் இன்னொரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் உயிரிழக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது.

நர்ஸ்களைக் கூட்டினால் பலன் உண்டு என்பதை நம் பக்கத்துத் தமிழ்நாடு செய்தே காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று நர்ஸ், ஆளுக்கு எட்டு மணி நேரம், இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2001-03-ல் 134 ஆக இருந்த தாய்மார் மரணம், 2018-20-ல் 54 ஆகக் குறைந்தது. காரணங்கள் பல, ராத்திரியில் விழித்திருந்த அந்த நர்ஸும் ஒரு காரணம்.

அதே தமிழ்நாட்டில்தான் 2015-ல் தேர்வு எழுதி வந்த நர்ஸ்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தினார்கள். நாளுக்கு 260 ரூபாய்கூடத் தேறாது. இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு நிறைவேறாமல், 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். எனப்படும் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மனம் ஆறவில்லை எனக்கு.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று பேர் என்ற அந்தக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 56. வார ஓய்வே இல்லை. ஒருவர் பிரசவ விடுப்பில் போனால் மற்ற இருவருக்கும் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. நான்காவது நர்ஸ் இருந்தால் ஆளுக்கு 42 மணி நேரம்; விடுப்புக்கும் வழி உண்டு. காரைக்காலில் அடுத்த வார்டு திறக்கும்போது கட்டில் எண்ணிக்கையோடு இந்தக் கணக்கையும் அரசாணையில் எழுதச் சொல்லிக் கேட்போம்.