துளை ஒன்றுதான், வேலை வேறு



அலுவலகத்தில் மடிக்கணினியை மாற்றுகிறார்கள். புதியது வேறு பிராண்ட். வீட்டு மேசையில் இருக்கும் டாக்கிங் ஸ்டேஷன் மட்டும் பழையது. "இனி இது உதவாது" என்று தூக்கிப் போடுவோரும் உண்டு. "துளை ஒரே மாதிரிதானே" என்று நம்பிச் செருகிவிட்டுத் தலையில் கைவைப்போரும் உண்டு. இரண்டும் அவசர முடிவு.

முதலில் டாக்கின் வகையைப் பாருங்கள். கணினியை மேலே வைத்து அழுத்திப் பொருத்தும் பழைய வகை, அந்தந்த நிறுவனம் தன் கணினிகளுக்கென்றே செய்தது. அது வேறு பிராண்டில் பொருந்தாது. அதோடு போராட வேண்டாம்.

2014இல் யுஎஸ்பி-சி வந்த பிறகு நிலைமை மாறியது. ஒரே கம்பியில் மின்சாரம், படம், தகவல் மூன்றும் போகலாம். 'போகலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கட்டாயம் போகும் என்று பொருளல்ல.

வேறு பிராண்ட் டாக் கணினியை எரித்துவிடுமா என்பது பலருடைய பயம். யுஎஸ்பி-சி முறையில் மின்சாரம் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். கணினியும் டாக்கும் ஒன்றையொன்று கேட்டு ஒப்புக்கொண்ட பிறகே அது கூடும். எனவே தரமான டாக், தரமான கம்பி என்றால் பயம் வேண்டாம்.

ஆனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, மின்சாரம் போதுமா? டெல் டபிள்யூடி19 வகையில் 180 வாட் மின்மாற்றியுடன் வரும் டாக், டெல் கணினிக்கு 130 வாட் வரை தரும். மற்ற பிராண்டுகளுக்கு 90 வாட்தான். சாதாரண அலுவலகக் கணினிக்கு அது தாராளம். விளையாட்டுக்கான பெரிய கணினிக்குப் போதாது.

இரண்டு, படம் வருமா? மலிவான சில கணினிகளில் யுஎஸ்பி-சி துளை தகவலை மட்டுமே அனுப்பும். திரை இருண்டே கிடக்கும். மேக்புக்கில் இன்னொரு சிக்கல். விண்டோஸில் இரு திரைகளில் இரு வேறு காட்சிகளைக் காட்டும் பல டாக்குகள், மேக்கில் இரண்டிலும் ஒரே காட்சியைத்தான் காட்டும். டிஸ்பிளேலிங்க் சில்லு உள்ள டாக் என்றால், அதற்கான மென்பொருளை நிறுவிய பிறகே படம் வரும்.

மூன்று, சிறு வசதிகள். டாக்கில் உள்ள பொத்தானை அழுத்திக் கணினியை இயக்குவது போன்றவை பெரும்பாலும் அதே பிராண்டுக்கு மட்டும்தான். விசைப்பலகை, எலி, இணையக் கம்பி ஆகியவை பெரும்பாலும் சிக்கலின்றி வேலை செய்யும்.

எனவே புதிய டாக் வாங்கும் முன், கணினியின் விவரக்குறிப்பில் அந்தத் துளை படம் அனுப்புமா, மின்சாரம் ஏற்குமா என்று பாருங்கள். பழைய டாக் வாங்குவதாக இருந்தால், உங்கள் கணினியைக் கடைக்கே கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். அதன் சொந்த மின்மாற்றியும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. நம் மேசையில் உள்ள நல்ல பொருளும் அதில் சேர வேண்டுமா? ஐந்து நிமிடச் சோதனை, பிள்ளையின் படிப்பு மேசைக்கு ஒரு டாக்கையே மிச்சப்படுத்தித் தரலாம்.

எறியும் முன் செருகிப் பாருங்கள். வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள்.