பிள்ளையைச் சுற்றியுள்ள உலகம்



மேற்படிப்பு என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவது மருத்துவமும் சட்டமும்தான். பட்டம் பெற்றவர்கள் மேற்கொண்டு பயிலக்கூடிய மற்றொரு துறையைப் பற்றி இன்று பேசுவோம். அதுதான் மனித மேம்பாடும் குடும்பவியலும். கரு முதல் முதுமை வரை மனிதன் எவ்வாறு வளர்கிறான், அவ்வளர்ச்சிக்குக் குடும்பம் எப்படித் துணையாகிறது, எப்போது தடையாகிறது என்பதே இதன் பாடப்பொருள்.

"பிள்ளை வளர்க்கப் பட்டம் எதற்கு? நம் பாட்டிமார் எந்தக் கல்லூரிக்குப் போனார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓர் ஆய்வைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1917ஆம் ஆண்டு குழந்தை நல ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதைச் சேர்ந்த ஹெரால்டு ஸ்கீல்ஸ், 1930களில் அநாதை இல்லத்துக் குழந்தைகளை ஆராய்ந்தார். அறிவு மந்தமானவர்கள் என்று கருதப்பட்ட 13 குழந்தைகள், மனவளர்ச்சி குன்றிய பெண்கள் வாழ்ந்த விடுதிகளுக்கு மாற்றப்பட்டனர். அப்பெண்கள் அவர்களைத் தூக்கிக் கொஞ்சினர், பேச்சுக் கொடுத்தனர், விளையாட்டுக் காட்டினர். சராசரி 64ஆக இருந்த அறிவுத்திறன் எண் ஏறத்தாழ 92ஆக உயர்ந்தது. கவனிப்பாரின்றி இல்லத்தில் இருந்த வேறு 12 குழந்தைகளுக்கோ 87இலிருந்து 61ஆக இறங்கிற்று. 1966இல் வெளிவந்த தொடராய்வு, முன்னைய 13 பேரும் வளர்ந்து சொந்தக் காலில் நின்றதைக் காட்டியது.

பாட்டிமார் அன்பால் அறிந்ததை ஆய்வு அளந்து காட்டுகிறது. அளந்து காட்டினால்தான் அரசும் பள்ளியும் செவி சாய்க்கும்.

1979இல் யூரி பிரான்ஃபென்பிரென்னர் தம் நூலில் மேலும் ஒன்றை விளக்கினார். வீடும் பள்ளியும் மட்டுமல்ல, பிள்ளை காலடி வைக்காத பெற்றோரின் வேலையிடமும் அதன் வளர்ச்சியைப் பாதிக்கும் என்றார். தோட்டப்புற ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று. விடியுமுன் தாய் பால்மரம் வெட்டப் புறப்பட, ஆயாக் கொட்டகையில் வளர்ந்த தலைமுறையை நாம் அறிவோம். தந்தையின் இரவு வேலை பிள்ளையின் வீட்டுப் பாடத்தில் தெரிவதையும் பார்க்கிறோம்.

இத்துறைக்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தின் மனிதச் சூழலியல் புலத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. முதுகலையும் முனைவர் பட்டமும் அங்கே பயிலலாம். ஆய்வு மாணவர்கள் குடும்பங்களை அணுகி, விவரம் திரட்டி, முடிவுகளை ஆய்வேடாக எழுத வேண்டும். நம் வீட்டுத் தாய், முன்பின் தெரியாதவரின் வினாத்தாளுக்குத் தரும் பதில் வேறு. "அக்கா" என்று அழைத்து அருகில் அமர்பவரிடம் மனம் திறந்து சொல்வது வேறு. ஆகவே நம் பிள்ளைகளும் இத்துறைக்கு வர வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் மகளோ மகனோ இதைப் பயில விரும்பினால் தடை சொல்லாதீர்கள். ஆசிரிய நண்பர்களே, ஒரு பிள்ளையை மக்கு என்று சொல்லுமுன், அதனோடு வீட்டில் பேசுவார் யார் என்று கேட்போம்.