சபைப் பணமும் நம்ம லயமும்
(தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய பேச்சு)



கொட்டாஞ்சேனையில வேலை செய்யும் நம்ம பிள்ளைகள் லீவுக்கு வந்தா சொல்வாங்க: "அங்கே கான் அடைச்சா மாநகரசபைக்குச் சொல்றோம்." கொழும்பு மாநகரசபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது.

நாமோ ரோடு உடைஞ்சா துரையிடம்தான் போனோம். ஏன்? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. ஓட்டு நம்முடையது, ரோடு மட்டும் ஊராருக்கு!

2018இல் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. ஆகவே இனி சும்மா காத்திருக்க வேண்டாம். ரோடா, கானா, தெருவிளக்கா, தேவையை எழுதி, லயத்தார் எல்லாரும் கையெழுத்து வைத்து, சபைக் காரியாலயத்தில் கொடுப்போம். பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைப்போம். அடுத்த வருஷத்து வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன்பே போகணும்.

அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்!