பிழைக்கென்று ஒரு தனி வழி

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தி வந்தால் காசிமேட்டிலும் எண்ணூரிலும் முதலில் எழும் கேள்வி, "எத்தனை நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க?" என்பதுதான். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு ஒரு பக்கம் நடக்கும். ஆபத்துச் செய்தி அதில் கலக்காமல் தனிக் கம்பத்தில் ஏறும். மொத்தம் 11 எண்கள். புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று சொல்வதற்கும் ஓர் எண் உண்டு, அதுதான் 11.

ஆபத்துச் செய்திக்குத் தனி வழி என்ற இந்த ஒழுங்கு கணினி நிரல்களிலும் இருக்கிறது. யூனிக்ஸ் வழிவந்த கணினியில் ஒரு நிரல் வழக்கமாக மூன்று வழிகளோடு பிறக்கிறது: உள்ளீட்டுக்கு 0, வெளியீட்டுக்கு 1, பிழைச் செய்திக்கு 2. பிழைக்கான இந்த 2 தொடக்கத்தில் இல்லை. 1970-களில் பெல் ஆய்வகத்தில் பக்கங்களை அச்சுக்கோக்க அனுப்பினால், சில நேரம் பிழைச் செய்தியே அச்சாகி வந்து நின்றதாம். அதன் பிறகுதான் பிழைக்குத் தனி வழி பிறந்தது என்பார்கள்.

ஒரு நிரல் இன்னொன்றைச் சேயாகத் தொடங்கும்போது, இந்த வழிகள் எங்கே போக வேண்டும் என்பதைத் தாய்தான் தீர்மானிக்கிறது. அங்கே மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, வரிசை. வெளியீடு, பிழை இரண்டும் ஒரே கோப்புக்குப் போக வேண்டுமானால், முதலில் 1-ஐக் கோப்புக்குத் திருப்பி, அப்புறம் 2-ஐ 1 இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். மாற்றிச் செய்தால் பிழை பழைய இடத்திலேயே தங்கிவிடும். ஏனென்றால், 1 அந்த நொடியில் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைத்தான் 2 எடுத்துக்கொள்ளும். பிறகு 1 நகர்ந்தாலும் கூடவே போகாது.

இரண்டாவது, நிரம்பும் குழாய். சேய் எழுதுவதைத் தாய் படிக்க இடையில் வைக்கும் வழிக்குக் குழாய் என்று பெயர். யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் ஒரு குழாய் வழக்கமாக 64 கிலோபைட் கொள்ளும். தாய் வெளியீட்டை மட்டும் படித்துக்கொண்டிருக்க, பிழைக் குழாய் நிரம்பினால் சேய் எழுத முடியாமல் நிற்கும். தாயும் காத்து நிற்கும். இரண்டும் அசையா. ஆகவே இரண்டு குழாய்களையும் சேர்த்தே படியுங்கள்; இல்லையென்றால் பிழையை நேராகக் கோப்புக்கு விடுங்கள்.

மூன்றாவது, மூடாத முனைகள். தாய் திறந்து வைத்த கோப்புகளும் குழாய் முனைகளும் சேய்க்கும் போய்ச் சேரும். எழுதும் முனை ஒன்று எங்காவது திறந்தே கிடந்தால், படிப்பவருக்கு முடிவு என்பதே வராது. சேய் பார்க்கக் கூடாத கோப்பும் அதன் கையில் சிக்கும். புது நிரல் தொடங்கும்போது தானாக மூடிக்கொள்ளும் அடையாளத்தை, கோப்பைத் திறக்கும்போதே இடும் வசதி 2007-இல் லினக்ஸுக்கு வந்தது. பைத்தான் மொழி 2014-இல், 3.4 பதிப்பு முதல், புதிதாகத் திறப்பவற்றைச் சேய்க்குக் கொடுக்காமல் இருப்பதையே இயல்பாக்கியது.

ஐம்பதாண்டு ஆகியும் இந்த ஏற்பாடு உதிரவில்லை. சிறியது, தெளிவானது, எவருக்கும் பயன்படுவது. குறை அதைக் கையாளுபவரிடம்தான்: பிழைச் செய்தி தொந்தரவு என்று அதை வெற்றிடத்துக்கு அனுப்பிவிடும் பழக்கம். சரக்குப் பட்டியல் பாதியில் நின்றாலும் திரை அமைதியாகத்தான் இருக்கும். அலுவலகத்தில் நிரல் எழுதும் நேயர்களே, அப்படி ஒரு வரி உங்கள் நிரலில் இருந்தால் இன்றே அதை ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்புங்கள். அந்தக் கோப்பைத் தினமும் படிக்க ஒருவரையும் நியமியுங்கள்.