வேலிக்கொடியும் நடுக்குவாதமும்



நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே சென்று, பாறசாலையைக் கடந்து களியக்காவிளையை அடைந்தால், கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை இராஜ்யத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்திலேயே நின்றது. அன்று முதல் எல்லைக் கிராமங்களாகிவிட்ட இவ்வூர்களின் வேலிகளிலும் புதர்களிலும் ஒரு கொடி படர்ந்திருக்கும். கருநீல மலர்க் கொத்தும், செம்பழுப்பு நிற ரோமம் போர்த்த காயும் உடையது. கை பட்டால் போதும், நாள் முழுவதும் சொறிந்து கொண்டிருக்க வேண்டியதுதான்.

தமிழில் அதன் பெயர் பூனைக்காலி, மலையாளத்தில் நாய்க்குரணை. எல்லைக்கு இப்பால் பூனை, அப்பால் நாய். வடமொழியில் கபிகச்சு, அதாவது குரங்கின் நமைச்சல். ஆங்கிலேயர் அதன் இந்திப் பெயரைத் தம் காதில் விழுந்தவாறு எழுதிக் கொண்டபோது, அதற்குள் ஒரு பசுவும் புகுந்துவிட்டது! மொழிபெயர்ப்பையே ஜீவனமாகக் கொண்ட நம்மைப் போன்றவர்களுக்கு இத்தகைய பெயர்கள் நல்ல விருந்து. ஆனால் இன்று நாம் சொல்ல வந்தது காயின் ரோமத்தைப் பற்றியன்று. உள்ளே இருக்கும் விதையைப் பற்றி.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயன ஆய்வகத்தில் எம். தாமோதரன், ஆர். இராமசுவாமி என்னும் இரு விஞ்ஞானிகள் இவ்விதையிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்து, அது இன்னதென்று அடையாளம் கண்டனர். அவர்களது கட்டுரை 1937 இல் இங்கிலாந்தின் உயிர் இரசாயன சஞ்சிகையில் வெளிவந்தது. அப்பொருளை இன்று 'எல்-டோபா' என்கிறோம். ஜெர்மானிய மொழியில் அதற்குள்ள நீண்ட பெயரைச் சுருக்கியதால் பிறந்த சொல் 'டோபா'. நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் டைரோசின் என்ற அமினோ அமிலம் உண்டு. அதனோடு ஒரு பிராணவாயு அணு கூடுதலாகச் சேர்ந்ததே டோபா.

சொல்வதற்கு எளிது, பிரித்தெடுப்பது எளிதன்று. டோபா காற்றுப் பட்டவுடன் கறுத்துப் போகும் இயல்புடையது. இன்றுள்ள நுட்பக் கருவிகள் அக்காலத்தில் இல்லை. சாற்றை வடித்து, வேண்டாதவற்றை நீக்கி, எஞ்சியதைப் படிகமாக்கி, அது உருகும் வெப்பநிலை, அடங்கிய மூலகங்களின் விகிதம், ஒளியை எப்புறம் திருப்புகிறது என்பன போன்றவற்றைக் கொண்டே ஒரு பொருளை நிச்சயித்தார்கள்.

டோபா உலகுக்குப் புதியதன்று. காசிமிர் ஃபங்க் 1911 இல் அதைச் செயற்கையாக ஆக்கியிருந்தார். 1913 இல் மார்க்கஸ் குக்கன்ஹைம் என்பவர் ஐரோப்பிய அவரை ஒன்றிலிருந்து எடுத்து, இரண்டரை கிராமைத் தாமே விழுங்கிப் பார்த்து, கடும் வாந்தியால் அவதியுற்றார். பூனைக்காலி விதையில் அது மிகுதியாக உண்டு என்பதே சென்னை தந்த செய்தி. எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்கு வரை என்று இன்று கணக்கிடுகிறார்கள். ஆனால், அது எந்நோய்க்கு மருந்து என்று 1937 இல் உலகில் எவருக்கும் தெரியாது.

விடை கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின. சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் 1957 இல் முயல்களுக்கு ரெசர்பைன் கொடுத்தார். அதுவும் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்த மருந்தே. முயல்கள் காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. டோபாவை ஊசி மூலம் செலுத்தியதும் எழுந்து நடமாடின! மூளையில் டோபமின் என்னும் பொருள் குன்றினால் அசைவு குன்றுகிறது. பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தின் மூலகாரணம் இதுவே. டோபமினையே கொடுத்தால் அது மூளைக்குள் புகாது. டோபா புகும், புகுந்தபின் டோபமினாக மாறும். 1961 இல் வியன்னாவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1967 இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் சிறிது சிறிதாக அளவை உயர்த்திக் கொடுத்து, அதன் பலனை நிலைநாட்டினார்.

இங்கே ஓர் இடையூறு. டோபாவுக்கு வலக்கை இடக்கை போல இரு வடிவங்கள் உண்டு. செடி ஆக்குவது ஒன்றையே; சாதாரண இரசாயன முறையோ இரண்டையும் சரிபாதியாக ஆக்கும். கோட்சியாஸ் முதலில் கொடுத்தது இக்கலவையைத்தான்; சிலருக்கு இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. வேண்டிய வடிவத்தை மட்டும் பெருமளவில் ஆக்கும் வழியை அமெரிக்காவின் வில்லியம் நோல்ஸ் ரோடியம் என்ற உலோகத்தின் துணையால் கண்டார். 2001 இல் நோபல் பரிசு பெற்றோரில் அவரும் ஒருவர். வேலிக்கொடி ஓசையின்றிச் செய்துவரும் வேலைக்கு மனிதன் நோபல் பரிசு வாங்க வேண்டியிருந்தது!

அகத்திய மலைப் பக்கத்துக் காணிக்காரர்கள் இவ்விதையை உண்பதுண்டு. ஆனால் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை இறுத்துவிட்ட பிறகே உண்பார்கள். வீரியத்தைக் குறைக்காமல் உண்ணலாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் இதனைக் கவனிக்க வேண்டுகிறோம். தில்லியில் 'கௌஞ்ச்' என்றும், கல்கத்தாவில் 'ஆல்குஷி' என்றும் கேட்டால் இதே விதை கிடைக்கும். உடல்வலிமைக்கென்று பொடியாகவும் விற்கிறார்கள். 2004 இல் வெளியான இலண்டன் ஆய்வொன்றில் எட்டு நோயாளிகளுக்கு இவ்விதை மருந்து மாத்திரையைவிட விரைவில் வேலை செய்தது உண்மை. எனினும் அது அளந்து கொடுத்த மருந்து. கடைப் பொடியில் டோபா எவ்வளவு என்பது விதைக்கு விதை வேறுபடும். நடுக்குவாதத்திற்கு ஏற்கெனவே மாத்திரை உண்பவர் பொடியையும் சேர்த்தால் அளவு மிஞ்சும். வாந்தி, இரத்த அழுத்தத் தாழ்வு, கட்டுக்கடங்கா உடலசைவு, மனக்குழப்பம் ஆகியவை நேரக்கூடும். சில மனநோய் மருந்துகளோடும் அது ஒவ்வாது.

உங்கள் வீட்டில் முதியவர் எவரேனும் ஊரிலிருந்து வரவழைத்த பூனைக்காலிப் பொடியை உண்டு வந்தால், மருத்துவரிடம் செல்லும்போது அப்பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பூனைக்காலி என்றால் அவ்வூர் மருத்துவருக்குப் புரியாது. 'எல்-டோபா உள்ள விதை' என்று சொல்லுங்கள்.