மாத்திரை பிள்ளைக்கு மட்டும்தானா?

(தண்டலம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், வட்டி, தணிக்கை எல்லாம் காலையிலேயே பேசி முடிச்சிட்டீங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு பூச்சியும் புழுவும். சாப்பாட்டுக்கு முன்னாடி இந்தத் தலைப்பை வெச்சது யாருன்னு தெரியலை, பொறுத்துக்குங்க.

செடியில் தொடங்கறேன். வீட்டுக்குப் பின்னாடி கத்தரி, தக்காளி வெச்சிருக்கிறவங்க பார்த்திருப்பீங்க. தண்ணி ஊத்தினாலும் மத்தியானத்தில் செடி வாடும், இலை மஞ்சளாகும். பிடுங்கிப் பார்த்தா வேரெல்லாம் முடிச்சு முடிச்சா இருக்கும். அதுக்குள்ள இருக்கிறது நூற்புழு. இதுக்கு வேளாண் துறையில் மருந்தோட நிறுத்தறதில்லை. கோடை உழவு போட்டு மண்ணை வெயிலில் காய விடுங்க, வேப்பம்புண்ணாக்கு போடுங்க, நடுவில் செண்டுமல்லி நடுங்கன்னு சொல்லுவாங்க. வேரில் இருக்கிற புழு செத்தாலும், அடுத்த பயிருக்காக மண்ணில் இன்னொரு கூட்டம் காத்துக்கிட்டு இருக்கும்.

ஆட்டுக்கும் இதே கதைதான். குழுக் கடனில் ஆடு வாங்கினவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. ஆட்டு வயிற்றில் ரத்தம் குடிக்கிற ஒரு புழு உண்டு, ஹீமோன்கஸ்னு பேரு. ஒரு புழு ஒரு நாளைக்கு சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். கேட்கும்போது ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு. ஆயிரம் புழு இருந்தா தினம் 50 மில்லி. ஒரு வெள்ளாடு அதை எத்தனை நாள் தாங்கும்? தாடைக்குக் கீழ வீங்கும், கண் இமையோட உள்பக்கம் வெளுத்துப் போகும், ஒரு நாள் காலையில் படுத்தது எழுந்திருக்காது. முட்டை புழுக்கையோட தரையில் விழுந்து பொரிஞ்சு, குஞ்சுப்புழு பனி ஈரத்தில் புல் மேல ஏறி நிக்கும். பனி காயறதுக்கு முன்னாடி மேய விடாதீங்கன்னு சொல்றது இதனாலதான்.

இதில் ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிச்ச ஒரு விஷயம் முக்கியம். மந்தை முழுசுக்கும் அடிக்கடி மருந்து ஊத்திக்கிட்டே இருந்தா, மருந்துக்குச் சாகாத புழுதான் மிச்சமாகிப் பெருகுது. தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மாலன் என்கிற கால்நடை மருத்துவர் ஒரு அட்டைக்கு வழி சொன்னார். அதில் சிவப்பிலிருந்து வெள்ளை வரைக்கும் அஞ்சு நிறம். ஆட்டோட கீழ் இமையை இழுத்து அட்டையோட ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. அதுக்கு அவர் பேரையே சேர்த்து ஃபமாச்சா அட்டைன்னு பேர் வெச்சாங்க. ஆடு வளர்க்கிறவங்க காட்டுப்பாக்கத்தில் இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு தடவையாவது போய் வாங்க, பக்கம்தானே.

இப்ப நம்ம கதைக்கு வர்றேன். ஆட்டுக்கு இமையை இழுத்துப் பார்க்கிற மாதிரிதான் நானும் இத்தனை வருஷமா உங்க இமையை இழுத்துப் பார்த்தேன். சிரிக்காதீங்க. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசு வரைக்கும் உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரெண்டு பேரில் ஒருத்தர்னு வெச்சுக்குங்க. சாப்பாட்டில் சத்துக் குறைவு, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, அடுத்தடுத்த பிரசவம்னு காரணம் பல இருக்கு. யாரும் வாய்விட்டுப் பேசாத காரணம் கொக்கிப்புழு.

மலத்தோட வெளியே போற முட்டை ஈர மண்ணில் ஒண்ணு ரெண்டு நாளில் பொரியும். ஒரு வாரம் பத்து நாளில் உடம்புக்குள்ள புகற பருவத்துக்கு வந்திடும். செருப்பில்லாத காலில் தோலைத் துளைச்சு ஏறி, ரத்தத்தோட நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, நாம விழுங்கும்போது குடலுக்கு இறங்கி, அங்க கடிச்சுப் பிடிச்சு ரத்தம் குடிக்கும். கீரிப்பூச்சி மாதிரி அரிக்காது, நாக்குப்பூச்சி மாதிரி வெளியே வந்து பயமுறுத்தாது. அசதியா இருக்கு, மூச்சு வாங்குதுன்னு மட்டும் தெரியும். வேலை அதிகம்னு நினைச்சுக்குவோம்.

2015-லிருந்து நாட்டில் தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்குது. ஒண்ணு முதல் 19 வயசு வரைக்கும் அல்பெண்டசோல் மாத்திரை. ரெண்டு வயசுக்குள்ள பாதி, மேல முழுசு, 400 மில்லிகிராம். அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் கொடுத்திடறோம். ஆனா கொக்கிப்புழுவுக்கு ஒரு குணம் இருக்கு. நாக்குப்பூச்சி பிள்ளைங்ககிட்ட அதிகம். கொக்கிப்புழு வயசு ஏற ஏறப் பெரியவங்ககிட்டதான் அதிகம். பிள்ளைக்கு மட்டும் கொடுத்தா, அம்மா அப்பா வயிற்றில் இருக்கிறது மண்ணுக்கு வந்து, திரும்பப் பிள்ளை காலில் ஏறும்.

இதைச் சோதிக்கத்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் டீவார்ம்-3 என்கிற பெரிய ஆய்வை நடத்திச்சு. ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி நாடுகளிலும் இதே ஆய்வு நடந்தது. ஊர்களை 40 தொகுதியாப் பிரிச்சு, பாதியில் பிள்ளைங்களுக்கு மட்டும் மாத்திரை, மீதிப் பாதியில் வீடு வீடாப் போய் பெரியவங்களுக்கும் சேர்த்து. வருஷத்துக்கு ரெண்டு தடவை, மூணு வருஷம். மாத்திரையை வெச்சே புழு பரவறதை நிறுத்த முடியுமான்னு பார்க்கிறதுக்கு.

ஆட்டுக்கு எல்லாத்துக்கும் கொடுக்காதேன்னுட்டு மனுஷனுக்கு எல்லாருக்கும் கொடுன்னா எப்படின்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். மனுஷ மாத்திரைக்கும் புழு பழகிடுதான்னு ஆராய்ச்சியில் கண்காணிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. ஆனா ஆடு புழுக்கை போட்ட இடத்திலேயே மேயும். நமக்குக் கழிப்பறை இருக்கு, காலில் செருப்பு இருக்கு. மாத்திரையோட இந்த ரெண்டும் சேரணும்.

சேரலைன்னா என்ன ஆகும்னு நூறு வருஷம் முன்னாடியே தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம்ம தமிழ்த் தொழிலாளர்களுக்கு 1916 வாக்கில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு மருந்து கொடுக்க ஆரம்பிச்சது. மருந்து வேலை செஞ்சது. ஆனா லயன் வீடுகளில் கழிப்பறை கட்டுற செலவுக்குத் தோட்ட முதலாளிகள் தயங்கினாங்க. புழு திரும்ப வந்தது. இதை ஏன் இங்க சொல்றேன்னா, கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைங்களுக்கு நம்ம ஊரிலும் லைன் வீடு வாடகைக்கு விடறோம். பத்துப் பதினஞ்சு பேருக்கு ஒரே கழிப்பறை, அதுவும் அடைச்சுக்கிட்டா அந்தப் பிள்ளைங்க விடியறதுக்கு முன்னாடி எங்க போவாங்க? ஏரிக்கரைக்குத்தான். அதே ஏரியில்தான் நாம நூறு நாள் வேலைக்கு வெறும் காலோட இறங்கறோம். வாடகை வாங்கற சகோதரிகள் கோவிச்சுக்காதீங்க, அடைப்பெடுக்க ஆகற செலவு வாடகையில் ஒரு சின்னப் பங்குதான்.

இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாதது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயசுப் பெண்களுக்கும் அந்த நாளில் இந்த மாத்திரை உண்டு, கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் மட்டும் இதில் சேர மாட்டாங்க. அங்கன்வாடியிலேயே கேட்டு வாங்கலாம். அங்கேயே சப்பிச் சாப்பிட்டு, தண்ணி குடிச்சிட்டு வாங்க, முந்தானையில் முடிஞ்சுக்கிட்டுப் போக வேண்டாம். அன்னிக்கு ஷிப்ட்ல இருந்தவங்களுக்கு விடுபட்டவங்க நாள்னு ஒரு வாரம் கழிச்சு இன்னொரு நாள் வைப்பாங்க. தள்ளிப் போயிருந்தா முதல்ல செவிலியர்கிட்ட சொல்லிடுங்க. கர்ப்பிணிக்கு மூணு மாசம் முடிஞ்சப்புறம் டாக்டர் சொல்லித்தான் கொடுக்கணும்.

30 தாண்டினவங்கதான் இந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல. உங்களுக்கு அங்கன்வாடியில் கொடுக்க மாட்டாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்க. 12-க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையோட, புழு மாத்திரையும் வேணுமான்னு டாக்டரை நீங்களே கேளுங்க. ஒத்தையா போகத் தயக்கமா இருந்தா குழுவா போங்க. மாசக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வர்றீங்க இல்லையா, அதே மாதிரி.