கரிக்காடும் பச்சைக்காடும்



இங்கே மாட்டியிருப்பவை பந்திப்பூர்க் காட்டுப் படங்கள். 2019 பிப்ரவரி கடைசியில் அங்கே 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. மனிதர் வைத்த தீ என்றார்கள் வனத்துறையினர். காய்ந்து கிடந்த உண்ணிச்செடியும் பலத்த காற்றும் சேர்ந்துகொள்ள, தடுப்புக் கோடுகளைத் தாண்டிவிட்டது.

சில வாரம் கழித்து, கோபாலசுவாமி பெட்டாவுக்குப் பஸ்ஸில் ஏறிப்போய் மேலிருந்து எடுத்தேன். முதல் நாள் எடுத்ததெல்லாம் வீண்! கேமராவின் ஒளிமானி எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கரிக்காட்டைக் காட்டினால் வெளிச்சத்தைக் கூட்டி வெளுக்க வைத்துவிடும். ஒன்றரை ஸ்டாப் குறைத்த பிறகுதான் கரி கரியாக வந்தது.

அந்த சமயம், கருகிய மிருகங்கள் என்று நிறையப் படங்கள் போனில் சுற்றின. பல, வேறெங்கோ எடுத்தவை. "உன்கிட்ட ஒரு முயல்கூட இல்லையாப்பா?"ன்னு நம்ம பசங்களே கேட்டாங்க. நான் பார்க்கலை, அதனால எடுக்கலை. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

கடைசிப் படம் மழைக்குப் பிறகு எடுத்தது. பச்சைப்பசேல்னு இருக்கு இல்லையா? காடு பிழைச்சிடுச்சுன்னு நானும் நினைச்சேன். பெரிதாக்கிப் பார்த்தால், கரிந்த தூரிலிருந்து துளிர்த்து நிற்பதில் பாதி அதே உண்ணிச்செடி. அதனால்தான் அதைத் தனியே மாட்டவில்லை, கரிப்படத்தை ஒட்டியே மாட்டியிருக்கிறேன். டீ குடிக்கும்போது கிட்டே போய்ப் பாருங்கள்.